சொல் இல்லாத இசையை யார் தேடுவார்?

மாணவர்களே, இந்த வாரம் ஒரு சிறிய சோதனையோடு தொடங்குவோம். உங்களுக்குப் பிடித்த ஒரு திரைப்படப் பாடலை நினைத்துக்கொள்ளுங்கள். கைப்பேசியை எடுத்து, பாடலின் முதல் இரண்டு சொற்களைத் தட்டுங்கள். அடுத்த நொடியே பாடல் வந்துவிடும்.

இப்போது அதே படத்தில் கதாநாயகன் மழையில் தனியாக நடந்து வரும்போது பின்னால் ஒலித்த இசையைத் தேடுங்கள். எதைத் தட்டச்சு செய்வீர்கள்? அந்த இசைக்குச் சொல் இல்லை. பெரும்பாலும் பெயரும் இல்லை.

"சார், முணுமுணுத்தாலே கண்டுபிடிக்கும் வசதி வந்துவிட்டதே" என்று என் மூன்றாம் படிவ மாணவன் ஒருவன் சொன்னான். உண்மைதான். ஆனால் அந்த வசதியும் யாரோ ஒருவர் ஏற்கெனவே சேமித்து, பெயரிட்டு, பதிவேற்றிய இசையைத்தான் கண்டுபிடிக்கும். யாருமே சேமிக்காத இசையை எந்தக் கணினியாலும் கண்டுபிடிக்க முடியாது.

அதனால்தான் நம் வீட்டு அலமாரிகளில் தூசி படிந்து கிடக்கும் குறுந்தட்டுகளைப் பற்றி இன்று பேச விரும்புகிறேன். பாடல் தட்டுகள் ஒருபுறம் இருக்கட்டும். வாத்திய இசைத் தட்டுகள், தொலைக்காட்சித் தொடர்களின் இசைத் தட்டுகள், படங்களின் பின்னணி இசை ஆகியவற்றைச் சேர்த்து வைப்பது வீண் வேலை அல்ல என்பது என் கருத்து. அதே நேரத்தில், சேர்த்து வைத்தாலே காப்பாற்றிவிட்டோம் என்று நினைப்பதும் தவறு. இதை நான் சிரமப்பட்டுத்தான் கற்றுக்கொண்டேன்.

அம்மா தூக்கிப் போடச் சொன்ன பெட்டி

என் வீடு கிள்ளானில். அப்பா துறைமுகத்தில் வேலை செய்தார். சம்பளம் வாங்கிய வாரத்தில் ஜாலான் தெங்கு கிளானாவுக்குப் போய் ஒரு குறுந்தட்டு வாங்கி வருவார். மாதத்துக்கு ஒன்று, அதற்கு மேல் வசதி இல்லை. சில மாதங்களில் கோமுட்டர் ரயில் ஏறி பிரிக்பீல்ட்ஸ் வரை போவார். ஜாலான் துன் சம்பந்தனில் வரிசையாக இருந்த கடைகளில் ஒரு மணி நேரம் தேடி, ஒரே ஒரு தட்டோடு திரும்புவார். "பாட்டு இல்லாத தட்டை எதுக்குக் காசு குடுத்து வாங்குறீங்க?" என்று அம்மா கேட்பார். அப்பா சிரித்துக்கொண்டே வானொலிப் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிடுவார்.

சென்ற தீபாவளிக்கு வீட்டைச் சுத்தம் செய்தபோது அந்தப் பெட்டி வெளியே வந்தது. "இத இன்னும் எதுக்குய்யா வச்சிருக்க? தூக்கிப் போடு" என்றார் அம்மா. தூக்கிப் போடுவதற்கு முன் ஒருமுறை கேட்டுவிடலாம் என்று உட்கார்ந்தேன். அப்பா 1990களில் கடையில் வாங்கிய தட்டுகள் கிட்டத்தட்ட எல்லாமே பாடின. ஆனால் ஒரு தட்டு மட்டும் பாடவில்லை. நான் தேடியது அந்தத் தட்டைத்தான்.

என் மாமா கிள்ளானில் ஓர் இசைக்குழுவில் கிட்டார் வாசித்தவர். திருமண வரவேற்புகளில் வாசிப்பார்கள். 2003இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரும் மூன்று நண்பர்களும் எங்கள் வீட்டுக் கூடத்திலேயே பாடகர் இல்லாமல் ஏழு இசைத்துண்டுகளை வாசித்துப் பதிவு செய்தார்கள். ஐந்து திரைப்பட மெட்டுகள். கடைசி இரண்டும் மாமாவே உருவாக்கியவை. அதைக் கணினியில் ஒரு வெற்றுத் தட்டில் பதிந்து, மேலே பேனாவால் தேதி எழுதி அப்பாவிடம் கொடுத்தார். மாமா இப்போது இல்லை. அவர் கையெழுத்து தட்டின் மேல் இருக்கிறது. தட்டைப் போட்டால் கருவி சற்று நேரம் சுழன்றுவிட்டு "நோ டிஸ்க்" என்று காட்டியது.

ஒரே பெட்டி, ஒரே வீடு, ஒரே வெப்பம். கடையில் வாங்கிய தட்டு முப்பது ஆண்டுகள் தாங்கியது. வீட்டில் பதிந்த தட்டு இருபது ஆண்டுகூடத் தாங்கவில்லை. ஏன்? இதற்கான பதில் அறிவியலில் இருக்கிறது.

தட்டுக்குள் என்ன இருக்கிறது?

குறுந்தட்டின் விட்டம் 120 மில்லிமீட்டர், தடிமன் 1.2 மில்லிமீட்டர். அதன் பெரும்பகுதி பாலிகார்பனேட் என்னும் தெளிவான பிளாஸ்டிக். அந்தப் பிளாஸ்டிக்கின் மேற்புறத்தில் தொழிற்சாலையிலேயே நுண்ணிய குழிகளை அச்சு வைத்து அழுத்திவிடுகிறார்கள். குழிகளின் மேல் மிக மெல்லிய அலுமினியப் படலம். அதைக் காக்க ஓர் அரக்குப் பூச்சு. அதற்கும் மேல் படமும் எழுத்தும்.

குழிகள் நடுவிலிருந்து விளிம்பை நோக்கிச் சுருள் பாதையில் செல்கின்றன. அடுத்தடுத்த இரண்டு சுற்றுகளுக்கு இடையே உள்ள தூரம் 1.6 மைக்ரோமீட்டர். ஒரு தலைமுடியின் அகலத்துக்குள் நாற்பதுக்கும் மேற்பட்ட சுற்றுகள் அடங்கிவிடும். அந்தப் பாதையை நேராக நீட்டினால் 5 கிலோமீட்டருக்கும் அதிகம். உங்கள் பள்ளியின் 400 மீட்டர் ஓடுதளத்தில் பன்னிரண்டு சுற்றுக்கும் மேல்!

கருவியிலிருந்து 780 நானோமீட்டர் அலைநீளம் கொண்ட அகச்சிவப்பு லேசர் ஒளி, தட்டின் தெளிவான பக்கம் வழியாக உள்ளே நுழைகிறது. பிளாஸ்டிக்குக்குள் ஒளியின் வேகம் குறைவதால் அதன் அலைநீளமும் சுமார் 500 நானோமீட்டராகச் சுருங்குகிறது. குழிகளின் ஆழமோ ஏறக்குறைய அதில் கால் பங்கு. குழிப் பகுதியில் பட்டுத் திரும்பும் ஒளிக்கும் அதைச் சுற்றியுள்ள சமதளத்தில் பட்டுத் திரும்பும் ஒளிக்கும் இடையே, போக கால் பங்கு, வர கால் பங்கு என மொத்தம் அரை அலைநீளம் வேறுபாடு உண்டாகிறது. நான்காம் படிவ இயற்பியலில் அலைகள் பாடம் படித்தவர்களுக்கு அடுத்த வரி தெரியும்: முகடும் அகடும் சந்தித்து ஒன்றையொன்று அழிக்கின்றன. ஒளி மங்குகிறது. ஒளி மாறும் இடம் 1, மாறாத இடம் 0. இசை முழுவதும் இந்த இரண்டு எண்களில்தான் எழுதப்பட்டிருக்கிறது.

ஒரு நொடி இசைக்கு எத்தனை எண்கள் வேண்டும்? மனிதக் காது ஏறக்குறைய 20,000 ஹெர்ட்ஸ் வரைதான் கேட்கும். ஓர் ஒலியைத் தவறில்லாமல் திரும்ப உருவாக்க, அதன் உச்ச அதிர்வெண்ணைப் போல் இரு மடங்குக்கும் அதிகமான முறை அளக்க வேண்டும் என்பது விதி. அப்படியென்றால் நொடிக்கு 40,000 முறைக்கு மேல். குறுந்தட்டு 44,100 முறை அளக்கிறது.

அது என்ன 44,100? தொடக்கக் காலத்தில் இலக்க முறை ஒலியைச் சேமிக்க வீடியோ நாடாக்களைத்தான் பயன்படுத்தினார்கள். தொலைக்காட்சிப் படத்தின் ஒரு கோட்டுக்கு 3 அளவீடுகள், 245 கோடுகள், நொடிக்கு 60 முறை. பெருக்கிப் பாருங்கள்: 3 × 245 × 60 = 44,100. இசைத்தட்டின் இதய எண் தொலைக்காட்சியிலிருந்து வந்தது!

ஒவ்வொரு அளவீடும் 16 பிட், இடது வலது என இரண்டு தடங்கள். ஆக நொடிக்கு 14,11,200 பிட். 128 கிலோபிட் எம்பி3 கோப்பு இதில் பதினொன்றில் ஒரு பங்கு மட்டுமே. காது கவனிக்காது என்று கணித்த பகுதிகளை அது நீக்கிவிடுகிறது. நீக்கியதைத் திரும்பப் பெற முடியாது.

கீறல் விழுந்தும் பாடுவது எப்படி?

அப்பாவின் தட்டுகளில் கீறல்கள் ஏராளம். ஆனாலும் பாடின. இதற்குக் காரணம் 1960இல் இர்விங் ரீட், குஸ்டாவ் சாலமன் என்ற இரு கணித அறிஞர்கள் உருவாக்கிய பிழைதிருத்தும் முறை.

அதன் அடிப்படையை ஓர் எளிய கணக்கில் சொல்கிறேன். 4, 7, 9 என்ற மூன்று எண்களை உங்கள் தோழிக்கு அனுப்புகிறீர்கள். கூடவே அவற்றின் கூட்டுத்தொகை 20 என்பதையும் அனுப்புகிறீர்கள். வழியில் நடு எண் அழிந்துவிட்டது. தோழி கவலைப்பட மாட்டாள். 20இலிருந்து 4ஐயும் 9ஐயும் கழித்தால் 7 வந்துவிடும். தட்டிலும் இசையோடு சேர்த்து இத்தகைய கூடுதல் எண்கள் எழுதப்படுகின்றன.

இன்னொரு தந்திரமும் உண்டு. அடுத்தடுத்த எண்களை அருகருகே எழுதாமல், பாதையில் தள்ளித் தள்ளிக் கலைத்து எழுதுகிறார்கள். அதனால் ஒரு கீறல் விழுந்தால் ஒரே குழுவின் எண்கள் எல்லாம் மொத்தமாகப் போவதில்லை. பல குழுக்களில் ஒவ்வொன்று மட்டும் போகிறது. ஒவ்வொரு குழுவும் தன் இழப்பைத் தானே சரிசெய்துகொள்கிறது. இப்படிப் பாதை நெடுகச் சுமார் 2.5 மில்லிமீட்டர் நீளத்துக்குத் தகவல் அழிந்தாலும் குறுந்தட்டால் அதை முழுமையாக மீட்க முடியும். கடையில் பணம் கட்ட நீங்கள் படம் பிடிக்கும் கியூஆர் கட்டம், சற்று அழுக்காக இருந்தாலும் வேலை செய்கிறதே, அதுவும் இதே ரீட்–சாலமன் முறைதான்.

இதிலிருந்து ஒரு நடைமுறைப் பாடம்: தட்டைத் துடைக்கும்போது வட்டமாகத் துடைக்காதீர்கள். வட்டமாக விழும் கீறல் பாதையோடு சேர்ந்தே ஓடி நீளமான பகுதியை அழித்துவிடும். நடுவிலிருந்து விளிம்புக்கு நேராகத் துடைத்தால், கீறல் விழுந்தாலும் அது பாதையைக் குறுக்கே வெட்டிவிட்டுப் போய்விடும்.

இன்னொன்று, பலர் பளபளப்பான பக்கத்தைத்தான் பத்திரமாக வைத்துக்கொள்கிறார்கள். உண்மையில் எழுத்துள்ள பக்கம்தான் மென்மையானது. பளபளப்பான பக்கத்தில் ஒரு மில்லிமீட்டருக்கும் அதிகத் தடிமனான பிளாஸ்டிக் காவல் இருக்கிறது. எழுத்துள்ள பக்கத்தில் அலுமினியத்துக்கு மேல் மெல்லிய பூச்சு மட்டுமே. அங்கே பேனாவால் அழுத்தி எழுதினால் இசையின் மேலேயே எழுதுகிறீர்கள். என் மாமா செய்த தவறுகளில் அதுவும் ஒன்று.

சாயத்தில் எழுதிய இசை

இப்போது மாமாவின் தட்டுக்கு வருவோம். வீட்டில் பதியும் தட்டில் அழுத்திய குழிகள் கிடையாது. அதற்குப் பதிலாக ஒரு கரிமச் சாயப் படலம் இருக்கும். பதியும் லேசர் அந்தச் சாயத்தை ஆங்காங்கே சூடாக்கி அதன் ஒளிப் பண்பை மாற்றுகிறது. மாறிய இடம், மாறாத இடம் என்பதே அங்கு எழுத்து.

சாயம் என்றால் என்ன ஆகும் என்று உங்கள் அம்மாவிடம் கேளுங்கள். வெயிலில் காயப்போட்ட சட்டையின் நிறம் மங்கும். புற ஊதா ஒளி, வெப்பம், ஈரப்பதம் மூன்றும் சாயத்தின் மூலக்கூறுகளைச் சிதைக்கின்றன. எங்கள் வீட்டில் அந்தத் தட்டு இருந்த இடம் துத்தநாகக் கூரைக்குக் கீழே, அலமாரியின் உச்சியில். பகலில் அங்கே கை வைக்க முடியாது. குழியில் எழுதிய இசை நிலைத்தது. சாயத்தில் எழுதிய இசை மங்கியது.

கடையில் வாங்கிய தட்டுகளும் சாகாவரம் பெற்றவை அல்ல. பூச்சில் குறை இருந்தால் காற்றும் ஈரமும் உள்ளே புகுந்து உலோகப் படலத்தை அரிக்கும். இங்கிலாந்தின் பிளாக்பர்ன் நகரத் தொழிற்சாலை ஒன்றில் 1980களின் இறுதியிலும் 1990களின் தொடக்கத்திலும் அச்சான தட்டுகள் பல, ஓரத்திலிருந்து பழுப்பு நிறமாக மாறின. உறைக் காகிதத்திலிருந்த கந்தகச் சேர்மங்களை அவற்றின் பூச்சால் தடுக்க முடியாததே காரணம். நம்மைப் போன்ற வெப்பமண்டல நாடுகளுக்கு இன்னோர் எதிரியும் உண்டு. மத்திய அமெரிக்காவின் பெலிஸ் நாட்டில் கெட்டுப்போன ஒரு தட்டை ஸ்பெயின் அறிவியலாளர்கள் ஆராய்ந்து, 2001இல் முடிவை வெளியிட்டார்கள். ஜியோட்ரிகம் இனத்தைச் சேர்ந்த ஒரு பூஞ்சை விளிம்பு வழியாக உள்ளே புகுந்து பிளாஸ்டிக்கையும் அலுமினியத்தையும் அரித்திருந்தது. கிள்ளான் பள்ளத்தாக்கின் ஈரக்காற்றை நினைத்துப் பாருங்கள்.

ஏன் வாத்திய இசை?

"எல்லாப் பாடலும் கைப்பேசியில் இருக்கிறது. தட்டு எதற்கு?" என்று நீங்கள் கேட்கலாம். பாடல்களைப் பொறுத்தவரை நான் உங்களோடு சண்டை போட மாட்டேன். புகழ்பெற்ற பாடல் எப்படியும் பிழைத்துக்கொள்ளும். லட்சம் பேர் அதைப் பாடுகிறார்கள், தேடுகிறார்கள், பகிர்கிறார்கள். ஒவ்வொருவரும் ஒரு பிரதி.

சொல் இல்லாத இசைக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. தமிழ்த் திரையிசைத் தட்டுகளில் பெரும்பாலும் பாடல்கள் மட்டுமே வெளியாயின. பின்னணி இசை தனியாக வெளிவருவது அபூர்வம். 1986இல் வந்த 'மௌன ராகம்' படத்தின் பின்னணி இசையை இன்றும் பலர் முணுமுணுக்கிறார்கள். ஆனால் அந்தக் காலப் பாடல் தட்டை வாங்கியவருக்குப் பாடல்கள்தான் கிடைத்தன. 1995இல் வந்த 'பம்பாய்' படத்தின் தட்டில் ஏ. ஆர். ரகுமானின் வாத்திய இசைத்துண்டு ஒன்றும் இடம்பெற்றது. அது உலகம் சுற்றியதற்குத் தட்டில் இடம் கிடைத்ததும் ஒரு காரணம் என்பேன்.

வாத்திய இசைக்காகவே வந்த தொகுப்புகளும் உண்டு. இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்?' 1986இல் வெளிவந்தது. கர்நாடக ராகங்களையும் மேற்கத்தியச் செவ்வியல் இசையையும் ஒரே மேசையில் அமர வைத்த தொகுப்பு. தியாகராஜருக்கும் பாஹுக்கும் காணிக்கை. 1988இல் 'நத்திங் பட் விண்ட்'. அதில் புல்லாங்குழல் ஹரிபிரசாத் சௌராசியா. என் அப்பா மாதச் சம்பளத்தில் வாங்கிய 'பாட்டு இல்லாத தட்டு'களில் இவையும் இருந்தன.

தொலைக்காட்சிக்கு வந்தால், ஆர். கே. நாராயணின் கதைகளைக் கொண்டு தூர்தர்ஷன் 1980களில் ஒளிபரப்பிய 'மால்குடி டேஸ்' தொடரின் இசையை அமைத்தவர் எல். வைத்தியநாதன். தொடரைப் பார்க்காதவர்களுக்குக்கூட அந்த மெட்டு தெரியும். இதே போல எத்தனை தொடர்களின் தொடக்க இசையை நம் வீடுகளில் மாலைதோறும் கேட்டிருப்போம்? அந்த இசை ஒலித்தால் பாட்டி அடுப்படியிலிருந்து ஓடிவருவார். அவற்றில் எத்தனை தட்டாக வந்தன? விரல் விட்டு எண்ணிவிடலாம்.

நம் மண்ணுக்கும் இந்த இசையில் ஒரு வரலாறு உண்டு. 1961இல் கிளிஃப் ரிச்சர்டும் 'தி ஷேடோஸ்' குழுவும் சிங்கப்பூருக்கு வந்து இசை நிகழ்ச்சி நடத்தினார்கள். பாடகர் இல்லாமல் மின்கிட்டார்களாலேயே மெட்டு வாசிக்கும் ஷேடோஸ் பாணி இங்குள்ள இளைஞர்களைப் பிடித்துக்கொண்டது. அந்தப் பத்தாண்டில் மலாயாவிலும் சிங்கப்பூரிலும் கிட்டார்க் குழுக்கள் பெருகின. பின்னர் 1970களின் இறுதியில் மலேசிய டிரம்ஸ் கலைஞர் லூயிஸ் பிரகாசம் 'ஏசியாபீட்' குழுவை உருவாக்கி, ஜாஸ், ராக் இசையோடு ஆசியத் தாள வாத்தியங்களை இணைத்தார். எங்கள் கூடத்தில் உட்கார்ந்து கிட்டார் வாசித்த மாமாவும் இந்த நீண்ட வரிசையின் கடைசியில் எங்கோ நின்றவர்தான். அவரைப் போன்றவர்களின் பெயர் எந்த வரலாற்று நூலிலும் வராது. பதிவு ஒன்றுதான் சாட்சி.

சேகரிப்பவர்களோடு எனக்குள்ள சண்டை

வார இறுதிகளில் பெட்டாலிங் ஜெயாவின் அம்கோர்ப் மால் பழம்பொருள் சந்தைக்குப் போனால் தட்டு சேகரிப்பவர்களைப் பார்க்கலாம். அவர்களில் சிலர் சொல்வார்கள், "தட்டின் ஒலிக்கு ஈடே இல்லை, கைப்பேசியில் கேட்பதெல்லாம் ஒலியே அல்ல" என்று. அறிவியல் ஆசிரியனாக இதை என்னால் அப்படியே ஏற்க முடியாது. நல்ல தரத்தில் சுருக்கிய கோப்பையும் தட்டையும், எது எது என்று சொல்லாமல் மாற்றி மாற்றிப் போட்டால் பெரும்பாலோர் திணறிப்போவார்கள். நம்பாவிட்டால் உங்கள் நண்பனைக் கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லி இருபது முறை சோதியுங்கள். பத்துக்குப் பத்து வந்தால் அவன் ஊகிக்கிறான் என்று பொருள்.

ஆகவே ஒலி இனிமைக்காகத் தட்டைச் சேருங்கள் என்று நான் சொல்லவில்லை. நிறைய வாங்கிக் குவிக்கவும் சொல்லவில்லை. பிளாஸ்டிக் குப்பை நமக்கு ஏற்கெனவே போதும். என் காரணம் வேறு. மாதச் சந்தா கட்டிக் கேட்கும் இசை உங்களுடையது அல்ல. நிறுவனங்களுக்கு இடையிலான உரிம ஒப்பந்தம் முடிந்தால், நேற்று இருந்த தொகுப்பு இன்று காணாமல் போகும். உங்களிடம் யாரும் அனுமதி கேட்க மாட்டார்கள். உங்கள் அலமாரியில் உள்ள தட்டை அப்படி யாராலும் எடுத்துக்கொண்டு போக முடியாது. அதிகம் பேர் கேட்காத இசைக்கு இந்த வேறுபாடு வாழ்வா சாவா என்பதாகிவிடுகிறது.

சேகரிப்பவர்களிடம் எனக்குள்ள பெரிய குறை இன்னொன்று. பலர் தட்டை உறை பிரிக்காமல் கண்ணாடிப் பெட்டியில் வைக்கிறார்கள். அது காட்சிப்பொருள், பாதுகாப்பு அல்ல. பூஞ்சை கண்ணாடிப் பெட்டியைப் பார்த்துப் பயப்படாது. ஒரே ஒரு பிரதி என்பது, எவ்வளவு அழகாக வைத்திருந்தாலும், தொலைவதற்குக் காத்திருக்கும் பிரதிதான்.

அரசுக்கும் இதில் பங்கு உண்டு. 1986ஆம் ஆண்டின் நூலகப் பொருள் ஒப்படைப்புச் சட்டப்படி, மலேசியாவில் வெளியாகும் படைப்புகளின் பிரதிகளை தேசிய நூலகத்திடம் ஒப்படைக்க வேண்டும். அச்சிடப்படாத படைப்புகளும் அதில் அடங்கும். நல்ல சட்டம். ஆனால் வெளியீடாக வராத இசைக்கு, அதாவது தொடரின் பின்னணி இசைக்கும் கூடத்தில் வாசித்த கிட்டாருக்கும், எந்தச் சட்டமும் காவல் இல்லை. அங்கே காவலர்கள் நீங்களும் நானும்தான்.

நீங்கள் செய்யக்கூடியது

இந்தப் பள்ளி விடுமுறையில் ஒரு நாள் ஒதுக்குங்கள். வீட்டிலும் தாத்தா பாட்டி வீட்டிலும் உள்ள தட்டுகளை வெளியே எடுங்கள்.

முதலில் பிரியுங்கள். அடிப்புறம் வெள்ளி நிறமாக இருந்தால் பெரும்பாலும் தொழிற்சாலையில் அழுத்தியது. பச்சை அல்லது நீலச் சாயல் தெரிந்தால் சாயத்தில் பதிந்தது. இரவுச் சந்தையில் மலிவாக வாங்கிய பல தட்டுகளும் இந்த இரண்டாம் வகையாக இருக்கலாம். சாயத் தட்டுகளைத்தான் முதலில் காப்பாற்ற வேண்டும்.

அடுத்து, ஒவ்வொரு தட்டையும் விளக்கு வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். ஊசித் துளை போல ஒளி கசிந்தால் உலோகப் படலம் அரிக்கப்படத் தொடங்கிவிட்டது.

பிறகு கணினியில் பிரதி எடுங்கள். எம்பி3 வேண்டாம்; எதையும் நீக்காமல் சுருக்கும் ஃபிளாக் வடிவத்தைத் தேர்ந்தெடுங்கள். ஆவணக் காப்பாளர்கள் சொல்லும் 3-2-1 விதியை நினைவில் வையுங்கள்: மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சேமிப்புச் சாதனங்கள், ஒன்று வேறொரு வீட்டில். இது குடும்பத்தின் பாதுகாப்புக்காக மட்டுமே. பிறருடைய படைப்பை இணையத்தில் ஏற்றுவதோ விற்பதோ அந்தக் கலைஞரிடமிருந்து திருடுவதாகும்.

கடைசியாக, எழுதி வையுங்கள். யார் வாசித்தது, எந்தத் தொடரில் வந்தது, எந்த ஆண்டு, யார் வாங்கியது. சொல் இல்லாத இசைக்குச் சொல் கொடுப்பது இந்தக் குறிப்புதான். நாளை ஒருவர் தேடினால் இதைப் பிடித்துக்கொண்டுதான் வந்து சேர்வார்.

கெட்டுப்போன தட்டு கிடைத்தால் அதையும் வீசாதீர்கள். ஆசிரியரோடு ஆய்வகத்துக்கு எடுத்துச் செல்லுங்கள். 650 நானோமீட்டர் சிவப்பு லேசரை ஒரு திரையிலுள்ள சிறு துளை வழியாக, 50 சென்டிமீட்டர் தூரத்திலுள்ள தட்டின் மேல் நேராகப் பாய்ச்சினால், துளையிலிருந்து சுமார் 22 சென்டிமீட்டர் தள்ளித் திரையில் ஒரு புள்ளி விழும். கோணத்தின் சைன் மதிப்பைக் கண்டுபிடித்து, அலைநீளத்தை அதால் வகுத்தால் ஏறக்குறைய 1.6 மைக்ரோமீட்டர் வரும். கண்ணுக்குத் தெரியாத பாதையின் இடைவெளியை ஒரு அடிக்கோலால் அளந்துவிட்டீர்கள்! லேசரையோ அதன் எதிரொளியையோ நேராகப் பார்க்கக் கூடாது. ஆசிரியர் இல்லாமல் செய்யவே கூடாது.

மாமாவின் தட்டு என்ன ஆனது என்று கேட்பீர்கள். நான்கு கணினிகளில் போட்டுப் பார்த்தேன். பள்ளிக் கிடங்கிலிருந்த ஒரு பழைய கணினி மட்டும் அதை அடையாளம் கண்டது. வேகத்தைக் குறைத்து, ஓர் இரவு முழுவதும் படிக்க விட்டேன். குறுந்தட்டு நடுவிலிருந்து வெளியே படிக்கப்படும். கெட்டிருந்தது விளிம்புப் பகுதி. முதல் நான்கு இசைத்துண்டுகள் முழுதாக வந்தன. ஐந்தாவது பாதியில் நின்றது.

ஆறாவதும் ஏழாவதும், மாமாவே உருவாக்கிய அந்த இரண்டும், வரவில்லை. அவர் வேறு எங்கும் அவற்றைப் பதியவில்லை. ஏழாவதன் தொடக்கம் எனக்கு மங்கலாக நினைவிருக்கிறது; கிட்டார் தெரிந்த ஒரு மாணவியிடம் முணுமுணுத்துக் காட்டி, வாசிக்கச் சொல்லிப் பதிந்து வைத்திருக்கிறேன். எட்டு நொடிதான்.

ஐந்து ஆண்டுகளுக்கு முன் அந்தப் பெட்டியைத் திறந்திருந்தால் ஏழும் கிடைத்திருக்கலாம். உங்கள் வீட்டுப் பெட்டியை இந்த வாரமே திறந்து பாருங்கள்.